140 நாள் × எத்தனை வருஷம்? மறைமலைநகர் ஃபோர்டு செட்டில்மென்டிலிருந்து திருப்பூர் கற்க வேண்டிய கணக்கு

2021 செப்டம்பர் 9. இந்தியாவில் இனி கார் தயாரிக்கப் போவதில்லை என்று ஃபோர்டு அறிவித்தது. பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று காரணம் சொன்னது. சென்னையை ஒட்டிய மறைமலைநகர், குஜராத்தின் சனந்த் என இரண்டு இடங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 4,000 பேரின் வேலை கேள்விக்குறியானது. ஒரு வருஷம் பேச்சுவார்த்தை நடந்தது. 2022 செப்டம்பரில் மறைமலைநகர் தொழிலாளிகளுக்குக் கிடைத்த செட்டில்மென்ட், முடித்த ஒவ்வொரு வருட சர்வீஸுக்கும் சராசரியாக 140 நாள் மொத்தச் சம்பளம். சட்டம் கட்டாயப்படுத்துவது வருடத்துக்கு 15 நாள்தான்.

"கார் கம்பெனி விவகாரம் பனியன் கம்பெனிக்காரனுக்கு எதற்கு?" என்று நினைக்கிறீர்களா? 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீத வரியை அமல்படுத்தியபோது திருப்பூரில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். நம் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு நாட்டுக்குத்தான் போகிறது. ஆர்டர் சுருங்கினால் முதலில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆகும். பிறகு வாரத்தில் இரண்டு நாள் வேலை போகும். அதற்கும் பிறகு ஒரு லைனையே நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் யாருக்கு எவ்வளவு கிடைக்கும், யார் வெறும் கையோடு பஸ் ஏறுவார்கள் என்பது அன்றைக்கு முடிவாவது கிடையாது. இன்றைக்கே முடிவாகிக்கொண்டிருக்கிறது.

எந்த செட்டில்மென்ட்டும் மூன்று எண்களின் பெருக்கல். வருடத்துக்கு எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு சம்பளம், எத்தனை வருஷ சர்வீஸ். முதல் எண்ணை சங்கம் பேசி வாங்கித் தரும். மற்ற இரண்டும் உங்கள் ரெக்கார்டிலிருந்து வர வேண்டும். திருப்பூர் தொழிலாளி தோற்பது அந்த இரண்டில்தான். அதைச் சரிசெய்யும் வழிகள் இதோ.

1. முதலில் உங்கள் கணக்கைப் போடுங்கள்

ஒரு உதாரணம். இரண்டு ஓவர்லாக் டெய்லர்கள். இருவரும் ஒரே யூனிட்டில் 10 வருஷம் உழைத்தவர்கள். மாதச் சம்பளம் ரூ.15,000, அதாவது நாளுக்கு ரூ.500. முதல் ஆளுக்கு ரெக்கார்டில் 10 வருஷமும் இருக்கிறது. இரண்டாவது ஆளுக்கு 3 வருஷம்தான் இருக்கிறது.

ஆட்குறைப்பு இழப்பீடு வருடத்துக்கு 15 நாள் வீதம்: முதல் ஆளுக்கு ரூ.75,000, இரண்டாவது ஆளுக்கு ரூ.22,500. கிராஜுவிட்டியில் 15,000ஐ 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்க வேண்டும். முதல் ஆளுக்கு ரூ.86,538 வருகிறது. இரண்டாவது ஆளுக்குப் பூஜ்யம், ஏனென்றால் நிரந்தரத் தொழிலாளிக்குக் கிராஜுவிட்டி பெற 5 வருஷம் ஆக வேண்டும். ஒரே உழைப்பு, வித்தியாசம் ஏறக்குறைய ரூ.1,39,000. ஃபோர்டு மாதிரி 140 நாள் கிடைத்தால் இடைவெளி இன்னும் விரியும்: இழப்பீடு மட்டுமே ஒருவருக்கு ரூ.7 லட்சம், இன்னொருவருக்கு ரூ.2.10 லட்சம்.

இன்னொரு எண்ணையும் மனதில் வையுங்கள்: 240. ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால்தான் அது முழு வருட சர்வீஸாக நிற்கும். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய், பொங்கல் கழித்து வேறு கம்பெனியில் சேர்கிறவர் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறார்.

2. சர்வீஸ் ரெக்கார்டை உங்கள் போனில் வைத்திருங்கள்

பி.எஃப். கணக்கின் யூஏஎன் நம்பரை ஆக்டிவேட் செய்யுங்கள். உமங் ஆப்பில் பாஸ்புக்கைத் திறந்து 'சர்வீஸ் ஹிஸ்டரி'யைப் பாருங்கள். சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, நிறுவனத்தின் பெயர் மூன்றையும் சரிபாருங்கள். பலருக்கு இங்கேதான் அதிர்ச்சி காத்திருக்கும். அதே கட்டடம், அதே மெஷின், அதே சூப்பர்வைசர். ஆனால் பாஸ்புக்கில் மூன்று கம்பெனிப் பெயர்கள், மூன்று சேர்ந்த தேதிகள். நீங்கள் ஒரு நாள்கூட வேலை மாறவில்லை, காகிதத்தில் மூன்று முறை மாறியிருக்கிறீர்கள். தேதியோ பெயரோ தவறாக இருந்தால் ஜாயின்ட் டிக்ளரேஷன் மூலம் திருத்தலாம். முதலாளி கையெழுத்துப் போடும் நல்ல காலத்திலேயே அதைச் செய்துவிடுங்கள். பிரச்சினை வந்தபின் யாரும் போட மாட்டார்கள்.

கான்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டில் இருப்பவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை. சனிக்கிழமை சாயங்காலம் கான்ட்ராக்டர் ஒரு சின்ன நோட்டைத் திறக்கிறார். பெயர், பீஸ் எண்ணிக்கை, ரேட், கழிவு, முன்பணம் என்று வரிசையாகப் படித்துக் காசை எண்ணிக் கொடுக்கிறார். நோட்டு திரும்ப அவர் பையில் போகிறது. நீங்கள் அந்த வாரம் அந்தக் கம்பெனிக்குத் தைத்தீர்கள் என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி அந்த நோட்டுதான். அதுவும் உங்களிடம் இல்லை. சம்பளத்தை பேங்க் அக்கவுன்ட்டுக்கோ யூபிஐயிலோ கேளுங்கள். அது முடியாவிட்டால் ஒவ்வொரு வாரமும் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.டி. கார்டு, இ.எஸ்.ஐ. நம்பர், கம்பெனியிலிருந்து வந்த வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும்.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்தன. அதன்படி ஒவ்வொரு தொழிலாளிக்கும் அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கொடுக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

3. கையில் வரும் காசைவிட கணக்கில் வரும் காசு பெரிது

"கணக்கில் பத்து, கையில் ஐந்து. பி.எஃப். பிடித்தம் குறையும், உனக்குத்தான் லாபம்" என்று சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். செட்டில்மென்ட், கிராஜுவிட்டி, இ.எஸ்.ஐ. பலன், பேங்க் லோன் எல்லாமே கணக்கில் இருக்கும் தொகையை வைத்துத்தான். கையில் கொடுத்த ஐந்து, கணக்குப் பார்க்கும் நாளில் காணாமல் போகும். புதிய விதிப்படி படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே சேரும். உங்கள் பே ஸ்லிப்பில் பேசிக், பஞ்சப்படி, மற்ற படிகள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்று இந்த மாதமே பாருங்கள்.

4. சட்டத்தின் பூட்டு உங்கள் யூனிட்டுக்கு இருக்கிறதா?

ஃபோர்டு மாதிரி பெரிய ஆலையை மூடுவதற்கு அரசின் அனுமதி வேண்டும். பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் அந்த வரம்பு 100 தொழிலாளர்கள். புதிய தொழில் உறவுகள் தொகுப்பில் 300. திருப்பூரின் நிட்டிங், ஸ்டிச்சிங், ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் பெரும்பாலானவை இந்த வரம்பை எட்டவே எட்டாது. ஆகவே "சர்க்கார் மூட விடாது" என்ற தெம்பு உங்களுக்கு உதவாது.

உங்களுக்கு உண்மையான பாதுகாப்பு, ஊர் முழுக்கப் பொருந்தும் சம்பள ஒப்பந்தம். ஏற்றுமதியாளர்கள் சங்கம், சைமா போன்ற முதலாளிகள் அமைப்புகள் ஒரு பக்கமும் சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., எல்.பி.எஃப். உள்ளிட்ட சங்கங்கள் மறுபக்கமும் உட்கார்ந்து போடும் ஒப்பந்தம் அது. 2021இல் போட்டது நான்கு வருடத்துக்கு 32 சதவீத உயர்வு. அதில் முதல் வருடம் மட்டும் 19 சதவீதம். கட்டிங், டெய்லர், செக்கிங், அயர்னிங், பேக்கிங், கைமடி என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தனி ரேட் உண்டு. உங்கள் பிரிவின் ரேட் உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். தன் ரேட் தெரியாதவர் மேஜையில் பேச முடியாது, தலையாட்டத்தான் முடியும்.

5. நேரம் பார்த்துப் பேசுங்கள், காத்திருக்கக் காசு சேருங்கள்

மறைமலைநகரில் 2022 மே மாதக் கடைசியில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அப்போது லைனில் ஏற்றுமதிக்கான எக்கோஸ்போர்ட் கார்கள் பாக்கி இருந்தன. ஜூன் மத்தியில் ஒரு பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். அந்த மாதம் கம்பெனி சொன்ன தொகை வருடத்துக்கு சுமார் 115 நாள். ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. செப்டம்பரில் தொகை 140 ஆனது. 25 நாள் வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். 15 வருஷ சர்வீஸ் உள்ளவருக்கு அது 375 நாள் சம்பளம், ஒரு முழு வருடத்துக்கும் மேல்.

இதில் இரண்டு பாடம். ஒன்று, முதல் ஆஃபர் எப்போதும் கடைசி ஆஃபர் ஆகாது. இரண்டு, முதலாளிக்கு உங்களிடம் இன்னும் ஏதோ தேவைப்படும்வரை உங்களுக்கு பலம் உண்டு. ஃபோர்டுக்கு முதலில் கார்கள் தேவைப்பட்டன. பிறகு வழக்கு இல்லாமல் கதவை மூட ஒவ்வொருவரின் கையெழுத்தும் தேவைப்பட்டது. திருப்பூரில் அந்தத் தேவையின் பெயர் ஷிப்மென்ட் தேதி. ஆர்டர் உள்ளே வந்ததும் பேச்சை ஆரம்பியுங்கள். கன்டெய்னர் கிளம்பியபின் பேசினால் கேட்க ஆள் இருக்காது.

காத்திருக்கத் தெம்பும் வேண்டும். 1984இல் பஞ்சப்படிக்காக இந்த ஊர் 127 நாள் ஸ்டிரைக் செய்தது. அத்தனை நாள் தாங்கும் குடும்பம் இன்றைக்கு எத்தனை? மகளிர் குழுக் கடன், பைக் இ.எம்.ஐ., வீட்டு வாடகை மூன்றும் ஒரே வாரத்தில் கழுத்தைப் பிடித்தால் எந்தத் தொகைக்கும் கையெழுத்துப் போடுவீர்கள். மூன்று மாத வீட்டுச் செலவைத் தனியாக வைத்திருப்பவர்தான் 'யோசித்துச் சொல்கிறேன்' என்று சொல்ல முடியும்.

விதியும் தெரிந்திருக்கட்டும். புதிய தொகுப்பின்படி 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஸ்டிரைக் செய்யக்கூடாது. பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டால் அதுவும் ஸ்டிரைக் கணக்கில் வரும்.

6. ஆலையை வாங்க யார் வருகிறார்கள் என்று விசாரியுங்கள்

ஒரே நாளில் ஃபோர்டு என்ற ஒரே கம்பெனி இரண்டு ஆலைகளை மூடுவதாக அறிவித்தது. முடிவு ஒன்றாக இருக்கவில்லை. சனந்த் ஆலையை டாடா மோட்டார்ஸின் துணை நிறுவனம் ரூ.725.7 கோடிக்கு வாங்க 2022 ஆகஸ்டில் ஒப்பந்தம் போட்டது. கார் தயாரிப்பில் இருந்த தகுதியுள்ள தொழிலாளர்களுக்கு வேலையும் கூடவே வந்தது. மறைமலைநகருக்கு அப்படி யாரும் வரவில்லை. அங்கே பணம்தான் செட்டில்மென்ட்.

ஆலையை வாங்க ஆள் இருந்தால் வேலையைக் கேளுங்கள். இல்லையென்றால் பணத்தைக் கேளுங்கள். திருப்பூரில் விற்பனை பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும். போர்டு மாறும், மெஷின் லீஸுக்குப் போகும், புது ஜி.எஸ்.டி. நம்பர் வரும். அந்த வாரமே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் பழைய சர்வீஸ் தொடர்கிறதா? எழுதிக் கொடுங்கள்." தொடர்ச்சியும் பழைய சம்பள நிபந்தனையும் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், கைமாறும் அந்த நேரத்திலேயே பழைய முதலாளியிடம் இழப்பீடு கேட்க உரிமை உண்டு.

7. வாக்குறுதியில் தேதியும் பெயரும் இருக்கட்டும்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பெல்விடியர் கார் ஆலையை ஸ்டெல்லாண்டிஸ் நிறுவனம் 2023 பிப்ரவரியில் நிறுத்தி வைத்தது. அதே வருடம் கார் தொழிலாளர்களின் யு.ஏ.டபிள்யு. சங்கம் ஸ்டிரைக் செய்து, ஆலையைத் திரும்பத் திறக்கும் வாக்கை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியது. 2024இல் கம்பெனி தள்ளிப்போடப் பார்த்தது. ஒப்பந்தம் கையில் இருந்ததால் சங்கம் விடாமல் பிடித்தது. 2025 ஜனவரியில், 2027இல் அங்கே டிரக் தயாரிப்போம் என்று கம்பெனி உறுதி சொன்னது.

"சீசன் வந்ததும் கூப்பிடுகிறோம்" என்பது வாக்குறுதி ஆகாது. எந்த தேதிக்குள், எத்தனை பேரை, எந்த ரேட்டில், கூப்பிடாவிட்டால் என்ன தொகை ஆகிய நான்கும் எழுத்தில் இருந்தால்தான் அது வாக்குறுதி. முடிந்தவரை தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னிலையில் ஒப்பந்தம் போடுங்கள். சங்கத்தில் இருப்பவர்கள் '12(3)' என்று சொல்லிப் பழகிய ஒப்பந்தம் அதுதான். இரண்டு தரப்பும் தனியே போடும் ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டவர்களை மட்டுமே கட்டும். சமரச ஒப்பந்தம் அந்த யூனிட்டின் எல்லாத் தொழிலாளிகளையும் கட்டும்.

8. பேச்சுக் குழுவில் இடம் பிடியுங்கள்

மேஜையில் உட்காருபவர் முதலில் தகவல் அறிவார், அனைவராலும் அறியப்படுவார். உங்கள் வளர்ச்சிக்கு அது பெரிய மேடை. ஆனால் தயாராகப் போங்கள். எல்லோருடைய சர்வீஸ், சம்பள விவரத்தையும் ஒரே தாளில் பட்டியலாகக் கொண்டு போங்கள். குழுவுக்காக ஒருவர்தான் பேச வேண்டும், இன்னொருவர் குறிப்பெடுக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் மினிட்ஸில் இரு தரப்புக் கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் இறங்கி வரக்கூடிய கடைசித் தொகையை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். பத்தே நிமிஷத்தில் அது எச்.ஆர். மேஜையில் இருக்கும். குரலை உயர்த்தாதீர்கள். நாளைக்கு ரெஃபரன்ஸ் கேட்கப்போவதும் இதே ஆட்களிடம்தான்.

9. சூப்பர்வைசர் ஆகும் முன் கான்ட்ராக்டைப் படியுங்கள்

புரமோஷன் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் மாதம் ரூ.18,000க்கு மேல் வாங்கும் சூப்பர்வைசர், தொழில் உறவுகள் தொகுப்பின்படி 'தொழிலாளி' கணக்கில் வரமாட்டார். ஆட்குறைப்பு இழப்பீடு, சமரச அதிகாரி, சங்க ஒப்பந்தம் எதுவும் அவருக்கு இல்லை. மெர்ச்சண்டைசர், புரொடக்ஷன் மேனேஜர், எச்.ஆர். எல்லோரும் கவனிக்க வேண்டியது இது. உங்களுக்கு இருக்கும் ஒரே ஒப்பந்தம் அப்பாயின்ட்மென்ட் லெட்டர்தான். நோட்டீஸ் பீரியட், வெளியேற்றத் தொகை இரண்டையும் சேரும் நாளிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

10. உங்கள் ஸ்கில் யூனிட்டோடு மூடப்படக்கூடாது

சில நேரம் முடிவு மேஜைக்கே வராது. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. தொழிலாளியைக் கேட்டு எடுத்த முடிவில்லை அது. பிறகு கழிவுநீரை வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் முறையில் பட்டறைகள் திரும்பி வந்தபோது தேவைப்பட்ட ஆள், சுத்திகரிப்பு நிலையத்தை இயக்கத் தெரிந்தவர்.

ஃபோர்டும் திரும்பி வருகிறது. 2025 அக்டோபரில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டது. முதலீடு ரூ.3,250 கோடி, 2029 முதல் வருடத்துக்கு 2.35 லட்சம் இன்ஜின்கள். வேலை 600 பேருக்கு மேல். அசெம்பிளி லைனில் ஆயிரக்கணக்கானோர் நின்ற இடத்தில் இனி சில நூறு பேர், அதுவும் வேறு ஸ்கில்லோடு.

ஆகவே ஒரே மெஷினில் உட்காராதீர்கள். ஓவர்லாக் தெரிந்தவர் பிளாட்லாக்கும் பவர் டேபிளும் கற்றுக்கொள்ளுங்கள். சாம்பிள் தைக்கப் பழகுங்கள். ஆர்டர் இல்லாத மாதத்திலும் சாம்பிள் செக்‌ஷன் ஓடும். காட்டனைத் தாண்டி பாலியஸ்டர், ஸ்போர்ட்ஸ்வேர் துணியில் கை பழகட்டும். மெஷின் மெக்கானிக், பேட்டர்ன் கேட் (CAD), லேப் டெஸ்டிங், சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர் இவையெல்லாம் தையலைத் தாண்டிய படிகள். கற்றதற்கு சர்ட்டிஃபிகேட் வாங்குங்கள். அனுபவம் உங்களுக்குத் தெரியும், அடுத்த முதலாளிக்குத் தெரியாது.

11. கடைசி நாளில் 'ராஜினாமா' எழுதாதீர்கள்

லைன் மூடும்போது ஒரு தாளை நீட்டுவார்கள். 'சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன், கணக்கு முழுவதும் பெற்றுக்கொண்டேன்' என்று டைப் செய்திருக்கும். கீழே உங்கள் பெயர், ரெவின்யூ ஸ்டாம்ப். அதில் கையெழுத்து விழுந்தால் சட்டத்தின் கண்ணில் உங்களை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை, நீங்களாகப் போனீர்கள். ஆட்குறைப்பு இழப்பீடு அங்கேயே முடிந்தது. காரணம் 'ஆட்குறைப்பு' அல்லது 'மூடல்' என்று இருக்கும்படி கேளுங்கள். வேலை போன இரண்டு வேலை நாளுக்குள் ஊதிய பாக்கி முழுவதும் தர வேண்டும் என்பது விதி. அனுபவச் சான்று, பி.எஃப்.இல் வெளியேறிய தேதி இரண்டையும் அன்றே முடியுங்கள். இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கும் ஒருமுறை போங்கள். வேலை இழந்தவருக்குச் சராசரி ஊதியத்தில் பாதியை 90 நாள்வரை தரும் அடல் பீமித் திட்டம் 2018இல் வந்தது. இப்போதைய நிபந்தனையையும் உங்கள் தகுதியையும் அங்கேயே விசாரியுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் பாதி வேலை முடிந்துவிடும். யூஏஎன் ஹிஸ்டரி, மூன்று மாத பே ஸ்லிப், ஐ.டி. கார்டு, உங்கள் பிரிவின் ஒப்பந்த ரேட் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். பிறகு பக்கத்து மெஷினில் உட்காரும் பீகார், ஒடிசா நண்பருக்கும் அதே ஃபோல்டரைச் செய்து கொடுங்கள். அவர் உங்களுக்குப் போட்டிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரெக்கார்டே இல்லாத ஒருவரை ஒரு பைசா செட்டில்மென்ட் இல்லாமல் அனுப்ப முடியும் என்றால், அடுத்த பேச்சுவார்த்தையில் உங்களுக்கான விலையையும் அதை வைத்துத்தான் பேசுவார்கள்.